"தனியுரிமையோடு திறக்க முடியவில்லை. மவுண்ட் ஆன கோப்பு முறைமையா?" – எதுவுமே மவுண்ட் ஆகவில்லையே!

பென்சில்முனை, இரவு 9.14

எல்லோருக்கும் வணக்கம். என் லினக்ஸ் கணினியில் எல்விஎம் (பல வட்டுகளை ஒரே சேமிப்பிடமாக இணைத்து, வேண்டியபடி பிரித்துத் தரும் மென்பொருள்) ஓடுகிறது. அதன் வால்யூம் குரூப்பில், அதாவது வட்டுகளைச் சேர்த்த பொதுத் தொகுப்பில், இடம் தீர்ந்துவிட்டது. வேறொரு கணினியில் ஓடிக்கொண்டிருந்த 1 டெராபைட் வட்டை எடுத்து இதில் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வட்டு எஸ்டிசி என்ற பெயரில் தெரிகிறது. அதிலிருந்த கோப்புகளையெல்லாம் நேற்றே நகலெடுத்துவிட்டேன். பிறகு டிடி கட்டளையால் முதல் 100 எம்பி முழுவதும் பூஜ்ஜியம் எழுதினேன். பிழை எதுவும் வரவில்லை.

இப்போது பிவிகிரியேட் (வட்டை எல்விஎம்முக்குத் தயார்செய்யும் கட்டளை) அடித்தால் ஒரே பாட்டுதான்: "எஸ்டிசியைத் தனியுரிமையோடு திறக்க முடியவில்லை. மவுண்ட் ஆன கோப்பு முறைமையா?" அதுவும் ஒரே வரி இரண்டு முறை வருகிறது. மவுண்ட் பட்டியலை (பயன்பாட்டுக்கு இணைத்த கோப்பு முறைமைகள்) பார்த்துவிட்டேன், எஸ்டிசி அதில் இல்லை. அந்த வட்டில் ஸ்வாப்பும் (நினைவகத்துக்குத் துணையான வட்டு இடம்) இல்லை. பூஜ்ஜியமாக்கிய வட்டில் ஏது கோப்பு முறைமை? கருவி என்னைக் கேள்வி கேட்கிறது, நான் யாரைக் கேட்பது?

வேகத்தட்டு, இரவு 9.21

வைப்எஃப்எஸ் கட்டளையை (வட்டின் பழைய அடையாளங்களை அழிப்பது) ஃபோர்ஸ், அதாவது கட்டாயப்படுத்தும் விருப்பம், கொடுத்து ஓட்டுங்கள். முடியாவிட்டால் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். 5 நிமிட வேலை.

பென்சில்முனை, இரவு 9.30

ஃபோர்ஸ் இல்லாமல் வைப்எஃப்எஸ் ஓட்டிப் பார்த்தேன். "சாதனம் வேறு வேலையில் இருக்கிறது" என்று சொல்லி நின்றுவிட்டது. டிடி மட்டும் எப்படி மறுப்பில்லாமல் எழுதியது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. ஃபோர்ஸ் கொடுக்கக் கை வரவில்லை.

அடித்தளம், இரவு 9.38

கை வராததே நல்லது. ஃபோர்ஸுக்கு முன்னால் மூன்று கட்டளைகளின் வெளியீட்டை இங்கே ஒட்டுங்கள்.

எல்எஸ்பிஎல்கே (வட்டுகளின் கிளைப் பட்டியல்) முழு வெளியீடு. சிஸ் அடைவுக்குள் பிளாக், எஸ்டிசி, ஹோல்டர்ஸ் என்று போனால் அங்கே என்ன இருக்கிறது என்ற பட்டியல். டிஎம்செட்டப் டேபிள் (இயங்குதளத்தின் மையமான கெர்னல் வைத்திருக்கும் வட்டு வரைபடங்கள்).

ஒன்று கேட்கிறேன்: நேற்று நகலெடுத்தபோது அந்த வட்டை எப்படித் திறந்தீர்கள்? அதிலும் எல்விஎம்தான் இருந்ததா?

பென்சில்முனை, இரவு 9.52

ஆமாம், அதிலும் எல்விஎம்தான். முழு வட்டும் ஒரே பிவி (எல்விஎம்மிடம் ஒப்படைத்த வட்டு), பார்டிஷன் கிடையாது. செருகியதும் எல்விஎம் அதைக் கண்டுகொள்ளவில்லை. எங்கோ படித்த குறிப்பைப் பார்த்து எல்விஎம்டிவைசஸ் ஆட்டெவ் என்று ஒரு கட்டளையும், அதன் பின் விஜிசேஞ்ச் கொடுத்து ஆக்டிவேட்டும் செய்தேன். மவுண்ட் ஆனது, நகலெடுத்தேன், அன்மவுண்ட் செய்தேன். அதற்குப் பிறகுதான் டிடி.

எல்எஸ்பிஎல்கேயில் எஸ்டிசிக்குக் கீழே இன்னும் "பழையகுழு-தரவு" என்று ஒரு கிளை தொங்குகிறது. நான் அதை அழித்துவிட்டேனே! ஹோல்டர்ஸ் அடைவில் டிஎம்-5 என்று ஒன்று இருக்கிறது. டிஎம்செட்டப் டேபிளில் அந்தப் பெயருக்கு எதிரே இந்த வரி:

0 1048576000 லீனியர் 8:32 2048

விஜிசேஞ்ச் மூலம் டீஆக்டிவேட் செய்யவும் முயன்றேன். "அப்படி ஒரு வால்யூம் குரூப்பே இல்லை" என்கிறது. ஒரு கருவி இருக்கிறது என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது.

அடித்தளம், இரவு 10.10

இரண்டுமே உண்மையைத்தான் சொல்கின்றன. வெவ்வேறு இடத்தைப் பார்த்துச் சொல்கின்றன, அவ்வளவுதான்.

எல்விஎம் கட்டளைகள் வட்டைப் படிக்கின்றன. பிவியின் அடையாள முத்திரை வட்டின் முதல் நான்கு செக்டர்களுக்குள் (512 பைட் துண்டுகள்) இருக்கும். வழக்கமாக இரண்டாவது செக்டர். குரூப்பின் விவரக்குறிப்பு முதல் 1 மெபிபைட்டுக்குள் இருக்கும். நீங்கள் 100 எம்பி துடைத்தபோது இரண்டும் போய்விட்டன. எனவே எல்விஎம்மைப் பொறுத்தவரை அந்தக் குரூப் பிறக்கவே இல்லை.

ஆனால் நேற்று ஆக்டிவேட் செய்தீர்களே, அப்போது கெர்னலுக்குள் டிவைஸ் மேப்பர் ஒரு வரைபடம் போட்டுக்கொண்டது. அது நினைவகத்தில் இருக்கிறது, வட்டில் இல்லை. அன்மவுண்ட் செய்தால் கோப்பு முறைமை விலகும், வரைபடம் விலகாது. டீஆக்டிவேட் செய்தால்தான் விலகும். நீங்கள் ஒட்டிய வரிதான் அந்த வரைபடம். 0-வது செக்டரிலிருந்து 1048576000 செக்டர்கள், அதாவது சரியாக 500 கிபிபைட். அவை 8:32 என்ற சாதனத்தில் 2048-வது செக்டரிலிருந்து தொடங்குகின்றன. 8:32 என்பது எஸ்டிசி. 2048 செக்டர் என்பது நான் சொன்ன அந்த முதல் 1 மெபிபைட்.

இப்போது அந்தப் பிழைச்செய்திக்கு வருவோம். ஒரு பிளாக் சாதனத்தைத் "தனியுரிமையோடு" திறப்பது என்றால், இதை வேறு யாரும் பிடித்திருக்கவில்லை என்று கெர்னலிடம் உறுதி கேட்பது. மவுண்ட், ஸ்வாப், மென்பொருள் ரெய்டு (பல வட்டுகளை ஒன்றாக இயக்குவது), டிவைஸ் மேப்பர் எல்லாமே அப்படித்தான் பிடிக்கின்றன. ஏற்கெனவே ஒருவர் பிடித்திருந்தால் கெர்னல் 16 என்ற பிழை எண்ணை மட்டும் திருப்பித் தரும். 16 என்றால் "வேறு வேலையில் இருக்கிறது". யார் பிடித்திருக்கிறார்கள், எதற்காக என்று அந்த எண்ணில் இல்லை. எனவே பிவிகிரியேட்டை எழுதியவர், பெரும்பாலும் என்ன காரணமாக இருக்கும் என்று தான் ஊகித்ததை எழுதிக் கேள்விக்குறி போட்டுவிட்டார். அந்தக் கேள்விக்குறியை யாரும் படிப்பதில்லை. முதல் வாக்கியம்தான் செய்தி, இரண்டாவது வெறும் ஊகம்.

டிடி ஏன் மறுப்பில்லாமல் எழுதியது என்றால், அது தனியுரிமை கேட்பதே இல்லை. கதவைத் தட்டாமல் நுழையும் ஆள். வைப்எஃப்எஸ் தட்டிப் பார்த்தது, உள்ளே ஆள் இருப்பதாகப் பதில் வந்ததும் திரும்பிவிட்டது.

டிஎம்செட்டப் ரிமூவ் கொடுத்து அந்தப் பெயரை நீக்கினால் பிவிகிரியேட் ஓடும். அதற்கு முன் டிஎம்செட்டப் இன்ஃபோவில் ஓப்பன் என்ற எண்ணிக்கை 0 தானா என்று பாருங்கள். இன்னொன்று: நகலெடுத்ததில் எதுவும் விடுபடவில்லை என்று உறுதியா? அந்த வரைபடம் உயிரோடு இருக்கும்வரை, பழைய வால்யூம் வட்டில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற துல்லியமான கணக்கு உங்கள் கையில் இருக்கிறது. நீக்கிவிட்டால் அதுவும் போய்விடும்.

வேகத்தட்டு, இரவு 10.15

நான் முதலிலேயே சொன்ன மறுதொடக்கமும் இதைத்தானே செய்திருக்கும்? இவ்வளவு பெரிய பாடம் தேவையா?

அடித்தளம், இரவு 10.19

செய்திருக்கும், மறுக்கவில்லை. வட்டில் முத்திரை இல்லாததால் மறுபடி வரைபடம் உருவாகியிருக்காது. ஆனால் இவர் தவறான வட்டைத் துடைத்திருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுதொடக்கம் செய்த நொடியில் மீட்புக்கான ஒரு முக்கியத் தடயத்தை அழித்திருப்பார். எக்ஸ்ட்4 கோப்பு முறைமை 4 கேபி பிளாக்கில் இருந்தால் முதல் மாற்று சூப்பர்பிளாக் (கோப்பு முறைமையின் தலைமைக் குறிப்பின் நகல்) 32768-வது பிளாக்கில், அதாவது 128 மெபிபைட்டில் இருக்கும். 100 எம்பி துடைப்பு அதைத் தொடவே இல்லை. வால்யூமின் தொடக்கம் தெரிந்திருந்தால் அங்கிருந்தே மீட்பைத் தொடங்கலாம். எல்லாம் திரும்பி வரும் என்று சொல்லவில்லை, கணிசமாக வரும்.

பென்சில்முனை, இரவு 10.41

நகல் முழுமையாக இருக்கிறது, செக்சம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். ஓப்பன் எண்ணிக்கை 0. ரிமூவ் கொடுத்தேன், எல்எஸ்பிஎல்கேயில் அந்தக் கிளை மறைந்தது, பிவிகிரியேட் ஒரே அடியில் ஓடிவிட்டது. அடித்தளம் ஐயா, மிக்க நன்றி.

மகிழ்ச்சி 2 நிமிடம்கூட நிற்கவில்லை. விஜிஎக்ஸ்டெண்ட் (வட்டைக் குரூப்பில் சேர்ப்பது) கொடுத்தால், "பிவிக்கள் காணாமல் போயிருக்கும் நிலையில் இந்த வால்யூம் குரூப்பை மாற்ற முடியாது. விஜிரெட்யூஸ் ரிமூவ்மிஸ்ஸிங் பற்றி யோசியுங்கள்" என்கிறது. எந்தப் பிவி காணாமல் போனது? இப்போதுதானே ஒன்றைப் புதிதாகச் சேர்க்கிறேன்?

வேகத்தட்டு, இரவு 10.44

அதுவே வழி சொல்லியிருக்கிறதே. ரிமூவ்மிஸ்ஸிங் கொடுங்கள். மறுத்தால் ஃபோர்ஸ் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள்விளக்கு, இரவு 10.46

நில்லுங்கள். அதை அடிக்காதீர்கள்.

ரிமூவ்மிஸ்ஸிங் என்றால் "காணாமல் போனதைத் தேடு" என்று பொருள் அல்ல. "காணாமல் போனது போனதாகவே இருக்கட்டும், கணக்கை முடி" என்று பொருள். காணாமல் போன பிவியில் எந்த எல்வியும் (குரூப்பிலிருந்து பிரித்தெடுத்த தனி வால்யூம்) இல்லையென்றால் அது பாதுகாப்பானது. எல்வி இருந்தால், ஃபோர்ஸ் இல்லாத வரை கருவி மறுக்கும். மறுத்துவிட்டு அடுத்த வரியிலேயே "நிபந்தனையின்றி நீக்க வேண்டுமானால் ஃபோர்ஸ் கொடுக்கலாம்" என்று எழுதும். ராத்திரி 11 மணிக்கு, ஏற்கெனவே ஒரு பிழையோடு மல்லுக்கட்டிக் களைத்த மனிதனுக்கு அந்த வரி அனுமதிச்சீட்டு போலத் தெரியும். நான் அடித்திருக்கிறேன். மூன்று எல்விக்கள் போயின. வட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, கேபிள்தான் தளர்ந்திருந்தது.

எல்விக்களைப் பட்டியலிடும் எல்விஎஸ் கட்டளையில் டிவைசஸ் என்ற பத்தியையும் சேர்த்து ஓட்டி ஒட்டுங்கள். பிவிக்களைப் பட்டியலிடும் பிவிஎஸ்ஸின் வெளியீட்டை ஒரு வரிகூட வெட்டாமல் ஒட்டுங்கள். "வரிகூட வெட்டாமல்" என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

பென்சில்முனை, இரவு 11.05

பிவிஎஸ் வெளியீட்டின் தொடக்கத்தில் இரண்டு எச்சரிக்கைகள் இருக்கின்றன. அவை கொஞ்ச நாளாக எந்த எல்விஎம் கட்டளை அடித்தாலும் வருபவை, அதனால் முதலில் ஒட்டவில்லை. "இந்த யூயூஐடி உள்ள சாதனத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று ஒன்று. "வால்யூம் குரூப்பில் ஒரு பிவி இல்லை, கடைசியாக எழுதப்பட்டது எஸ்டிபியில்" என்று இன்னொன்று. பட்டியலில் சாதனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "அன்னோன்" என்று இருக்கிறது.

எல்விஎஸ்ஸில் முதன்மை எல்வி எஸ்டிஏயில் இருக்கிறது, அது நன்றாகவே ஓடுகிறது. "பழஞ்சேமிப்பு" என்ற எல்விக்கு எதிரே அன்னோன். அதன் பண்புக் குறியீடுகளில் கடைசிக்கு முந்தையதாக ஒரு "பி" எழுத்தும் இருக்கிறது.

பழஞ்சேமிப்பு பல வருடப் புகைப்படங்கள். தேவைப்படும்போது மட்டும் கையால் மவுண்ட் செய்வேன், கடைசியாகச் செய்து மூன்று மாதம் இருக்கும். இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

மஞ்சள்விளக்கு, இரவு 11.09

கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு ஒரு குவளை தண்ணீர் குடியுங்கள். அந்த "பி" என்பது பார்ஷியல், அதாவது எல்வியின் பகுதி ஏதோ கிடைக்கவில்லை என்று பொருள். அழிந்துவிட்டது என்று பொருள் அல்ல. அந்த எல்வி இருந்த வட்டு இப்போது எங்கே?

பென்சில்முனை, இரவு 11.14

கணினிக்குள்ளேதான் இருக்கிறது! முதலில் யூஎஸ்பி பெட்டியில் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் பெட்டி தகராறு செய்ததால் வட்டைக் கழற்றி நேரடியாக சாட்டா கேபிளில் மாட்டினேன். எல்எஸ்பிஎல்கேயில் எஸ்டிடி என்று தெரிகிறது. எஃப் சேர்த்து ஓட்டினால் அதன் வகை "எல்விஎம்2 மெம்பர்" என்றும் வருகிறது. கெர்னலுக்குத் தெரிகிறது, எல்எஸ்பிஎல்கேக்குத் தெரிகிறது, எல்விஎம்முக்கு மட்டும் தெரியவில்லை.

அடித்தளம், இரவு 11.27

காரணம் உங்கள் முந்தைய பதிவிலேயே இருக்கிறது. எல்விஎம்டிவைசஸ் ஆட்டெவ் என்று ஒரு கட்டளை அடித்ததாகச் சொன்னீர்களே, அது எதற்கு என்று நினைத்தீர்கள்?

2021-இல் வந்த 2.03.12 பதிப்பிலிருந்து எல்விஎம்மில் சாதனக் கோப்பு என்று ஒன்று உண்டு. ஈடிசி அடைவில் எல்விஎம், அதற்குள் டிவைசஸ், அதற்குள் சிஸ்டம்.டிவைசஸ். சில லினக்ஸ் டிஸ்ட்ரோக்களில் (விநியோகங்களில்) நிறுவியதுமே அது நடைமுறைக்கு வந்துவிடும். அந்தக் கோப்பில் பெயர் உள்ள வட்டுகளை மட்டுமே எல்விஎம் பார்க்கும். விருந்தினர் பட்டியல் போல. பட்டியலில் இல்லாதவர் வாசலில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியமாட்டார். வட்டுகளை அது எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயரால் அடையாளம் வைப்பதில்லை. முடிந்தவரை வட்டு தெரிவிக்கும் உலகளாவிய அடையாள எண்ணால் வைக்கும்.

யூஎஸ்பி பெட்டிக்குள் இருந்தபோது அந்த எண்ணைப் பல நேரம் பெட்டியின் சிப்தான் தெரிவிக்கும். நேரடியாக மாட்டியதும் வட்டு தன் சொந்த எண்ணைத் தெரிவிக்கும். பட்டியலில் பழைய எண், வாசலில் புதிய எண். அதனால்தான் "கண்டுபிடிக்க முடியவில்லை".

வேறொரு கணினியிலிருந்து வந்த வட்டுக்கு நேற்று நீங்களே ஆட்டெவ் கொடுத்தீர்கள். உங்கள் சொந்த வட்டுக்குக் கொடுக்கவில்லை. எல்விஎம்டிவைசஸ் ஆட்டெவ் கொடுத்து எஸ்டிடியைச் சேர்த்துவிட்டுப் பிவிஎஸ் ஓட்டுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள்.

சுழல்படி, இரவு 11.31

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். யூஎஸ்பி என்றதும் என் தலைவலி நினைவுக்கு வந்தது. ஒரு பழைய கணினியில் எந்த எல்விஎம் கட்டளை அடித்தாலும் இப்படி நான்கு வரிகள் வருகின்றன: "0 என்ற இடத்தில், 4096 பைட்டில் 0 படித்தபின் வாசிப்பு தோல்வி, உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை". அடுத்து அதே வரி 4096 என்ற இடத்துக்கு. பிறகு 42949607424, அதன்பின் 42949664768. வட்டின் அந்தக் குறிப்பிட்ட இடங்களில் கெட்ட செக்டர் என்று நினைத்து இரண்டு நாள் சோதனை ஓட்டினேன். வட்டில் ஒரு குறையும் இல்லை.

அடித்தளம், இரவு 11.44

இது எனக்குப் பிடித்த செய்தி. அந்த எல்வி 40 கிபிபைட் அளவுள்ளது, சரியா?

40 கிபிபைட் என்றால் 42949672960 பைட். அதிலிருந்து உங்கள் மூன்றாவது எண்ணைக் கழியுங்கள்: 65536. நான்காவதைக் கழியுங்கள்: 8192. அதாவது முடிவிலிருந்து 64 கேபி, முடிவிலிருந்து 8 கேபி. வட்டின் கெட்ட இடங்கள் இவ்வளவு அழகான எண்களில் அமையாது. மென்பொருள் ரெய்டின் பழைய வகை முத்திரைகள் சாதனத்தின் கடைசியில் ஏறத்தாழ அந்த இடங்களில்தான் இருக்கும். இது ரெய்டின் உறுப்போ என்று எல்விஎம் எட்டிப் பார்க்கிறது. தொடக்கத்தில் இரண்டு எட்டல், முடிவில் இரண்டு எட்டல், நான்கிலும் 4096 பைட் கேட்டு 0 பைட் கிடைத்திருக்கிறது. எங்கே தொட்டாலும் ஒன்றுமில்லை என்றால் அடியில் வட்டே இல்லை என்று பொருள். டீஆக்டிவேட் செய்யாமல் யூஎஸ்பி வட்டைப் பிடுங்கியிருப்பீர்கள். வரைபடம் மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. பென்சில்முனைக்குச் சொன்ன அதே மருந்து: டிஎம்செட்டப் ரிமூவ்.

அது ஸ்னாப்ஷாட்டாக (ஒரு நேரத்து நிலையைப் பிடித்து வைத்த எல்வி) இருந்தால் கதை வேறு. நிரம்பி வழிந்த பழைய வகை ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும், அப்போதும் இதே வரிகள்தான் வரும். எல்விஎஸ்ஸில் பாருங்கள்.

சுழல்படி, இரவு 11.52

40 தான். பிடுங்கியதும் நான்தான். இரண்டு நாள் போனது போனதுதான்.

பென்சில்முனை, இரவு 11.58

ஆட்டெவ் கொடுத்தேன். பிவிஎஸ்ஸில் அன்னோன் போய் எஸ்டிடி வந்துவிட்டது, இரண்டு எச்சரிக்கைகளும் இல்லை. பழஞ்சேமிப்பு மவுண்ட் ஆனது, படங்கள் எல்லாம் இருக்கின்றன. மஞ்சள்விளக்கு அவர்களே, நீங்கள் இரண்டு நிமிடம் தாமதித்திருந்தால் நான் அதை அடித்திருப்பேன். உண்மையாகச் சொல்கிறேன், கட்டளையைத் தட்டி வைத்துவிட்டு என்டர் மட்டும் பாக்கி.

வேகத்தட்டு, இரவு 12.03

என் தவறு. ரிமூவ்மிஸ்ஸிங் என்றால் பட்டியலில் இருக்கும் பெயரை மட்டும் அடிக்கும் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். மன்னியுங்கள்.

மஞ்சள்விளக்கு, இரவு 12.08

பரவாயில்லை, நானும் அப்படி நினைத்துத்தான் கற்றேன். ஒருவேளை யாராவது அடித்துவிட்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால்: ஈடிசி அடைவில் எல்விஎம், அதற்குள் ஆர்க்கைவ் என்ற அடைவைப் பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்பு குரூப்பின் விவரக்குறிப்பு அங்கே சாதாரண உரைக்கோப்பாகச் சேமிக்கப்படும். எந்தக் கட்டளைக்கு முன் எடுத்தது என்ற விளக்க வரியும் கோப்பின் மேலேயே இருக்கும். விஜிசிஎஃப்ஜிரெஸ்டோர் லிஸ்ட் கொடுத்தால் பட்டியல் வரும். வட்டு திரும்பக் கிடைத்து, அந்த இடத்தில் வேறு எதுவும் எழுதப்படாமல் இருந்தால், பழைய விவரக்குறிப்பைப் போட்டு எல்வியைத் திரும்பக் கொண்டுவரலாம். என் மூன்றில் இரண்டு அப்படித்தான் திரும்பின. மூன்றாவதின் மேல் அவசரத்தில் நானே புதிய எல்வி போட்டிருந்தேன்.

பென்சில்முனை, இரவு 12.20

விஜிஎக்ஸ்டெண்ட் ஓடிவிட்டது. கடைசிப் படி. 1 டெராபைட் வட்டுதானே என்று எல்விஎக்ஸ்டெண்டில் கூட்டல் 1டி கொடுத்தேன். "போதிய இடமில்லை: 262144 எக்ஸ்டென்ட் தேவை, 238467 மட்டுமே இருக்கிறது" என்கிறது. இது புரியும்படியாகவே இருக்கிறது, ஆனால் கணக்கு உதைக்கிறது. ஒரு எக்ஸ்டென்ட் (எல்விஎம் இடத்தை அளக்கும் துண்டு) 4 மெபிபைட் என்றால் 92 கிபிபைட்டுக்கு மேல் எங்கோ போய்விட்டது. எல்விஎம் தனக்கென்று அவ்வளவா எடுத்துக்கொள்கிறது?

சுழல்படி, இரவு 12.29

இதை நான் சொல்கிறேன், கடன் தீர்த்ததாக இருக்கட்டும். எல்விஎம் எடுத்துக்கொள்வது தொடக்கத்தில் 1 மெபிபைட் மட்டும். வட்டு தயாரிப்பவரின் டெரா 1000-ஐ நான்கு முறை பெருக்கியது. எல்விஎம்முக்குக் கொடுக்கும் டெரா 1024-ஐ நான்கு முறை பெருக்கியது. 262144-ஐ 4 மெபிபைட்டால் பெருக்கினால் பின்னது வரும். உங்கள் வட்டு அவ்வளவு பெரியதாக என்றுமே இருந்ததில்லை.

இதில் எரிச்சலூட்டும் ஒன்று உண்டு. விஜிஎஸ் போன்ற கட்டளைகளில் யூனிட்ஸ் கேட்கும்போது பெரிய எழுத்து 1000 கணக்கு, சின்ன எழுத்து 1024 கணக்கு. ஆனால் அளவை நாம் உள்ளே கொடுக்கும்போது பெரிய எழுத்தானாலும் சின்ன எழுத்தானாலும் 1024 தான். கையேட்டில் தெளிவாக இருக்கிறது, யார் படிக்கிறார்கள்?

அந்த 1 மெபிபைட்டும் சும்மா இருப்பதில்லை. மெய்நிகர் கணினிக்குச் சரியாக 10 கிபிபைட் வட்டு கொடுத்து, அதில் 10 கிபிபைட் எல்வி கேட்டுப் பாருங்கள். "2559 இருக்கிறது, 2560 தேவை" என்று ஒரே ஒரு எக்ஸ்டென்டில் மறுக்கும். அளவை எண்ணாகக் கொடுக்காமல் சின்ன எல் போட்டு கூட்டல் 100%ஃப்ரீ என்று கொடுங்கள். கூடவே ஆர் கொடுத்தால் கோப்பு முறைமையும் சேர்ந்து விரியும்.

மஞ்சள்விளக்கு, இரவு 12.34

விரிக்கும் முன் ஒரு வார்த்தை. முதன்மை எல்வி இனி இரண்டு வட்டுகளின் மேல் நிற்கும். எது போனாலும் எல்வி போகும். பேக்கப் வேறு வட்டில் இருக்கட்டும்.

பென்சில்முனை, இரவு 12.47

விரிந்துவிட்டது. பேக்கப் நாளை காலை முதல் வேலை.

ஒரு ஆதங்கம். மூன்று பிழைகளில் ஒன்றாவது உண்மையான காரணத்தைச் சொன்னதா? முதலாவது இல்லாத மவுண்டைப் பற்றிக் கேட்டது, இரண்டாவது என் படங்களை அழிக்க வழி காட்டியது. 1998 முதல் இருக்கும் மென்பொருளுக்கு இவ்வளவு நாளில் ஒழுங்காகப் பேசத் தெரியவேண்டாமா?

அடித்தளம், இரவு 1.05

பாதி நியாயம். புதிய பதிப்புகள் பேசக் கற்றுக்கொண்டிருக்கின்றன. முன்பெல்லாம் பார்டிஷன் உள்ள வட்டு, ரெய்டு உறுப்பு, மல்டிபாத் (ஒரே வட்டுக்குப் பல வழிகள்) உறுப்பு எல்லாவற்றுக்கும் "ஒரு ஃபில்டரால் விலக்கப்பட்டது" என்ற ஒரே பதில்தான். எத்தனையோ பேர் எல்விஎம்.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் தாங்கள் எழுதாத ஃபில்டரைத் தேடி அலைந்தார்கள். இப்போது "பார்டிஷன் இருக்கிறது", "ரெய்டு உறுப்பு", "சாதனக் கோப்பில் இல்லை" என்று பிரித்துச் சொல்கிறது.

மீதிப் பாதிக்கு எல்விஎம்மை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அது நடுவில் நிற்கும் ஆள். கீழே கெர்னல் ஒரு எண்ணைத் தருகிறது, மேலே அதை வாக்கியமாக்க வேண்டும். "ரீலோட் ஐஆக்டல் தோல்வி: செல்லாத மதிப்பு" என்ற செய்தியைப் பார்த்திருப்பீர்கள். அதை எவ்வளவு முறைத்தாலும் ஒன்றும் கிடைக்காது. அதே நொடியில் கெர்னலின் செய்திப்பதிவான டிமெசேஜைத் திறந்தால், "இந்த வட்டு சிறியது, தொடக்கம் இவ்வளவு, நீளம் இவ்வளவு, சாதனத்தின் அளவு இவ்வளவு" என்று மூன்று எண்களோடு கெர்னல் எழுதி வைத்திருக்கும். யாரோ பார்டிஷனைச் சுருக்கியிருப்பார்கள். காரணம் எப்போதும் ஒரு படி கீழே இருக்கிறது. அதனால் நான் எல்விஎம் பிழை வந்தால் முதலில் டிமெசேஜின் கடைசி 20 வரி, அடுத்து எல்எஸ்பிஎல்கே, அதன்பின் டிஎம்செட்டப். எதுவும் சிக்காவிட்டால் அதே கட்டளையை நான்கு வி சேர்த்து ஓட்டுவேன். பக்கம் பக்கமாகக் கொட்டும். பிழைச்செய்தி வரும் வரிக்குப் போய், அங்கிருந்து மேல்நோக்கி 30 வரி படித்தால் போதும்.

எதிர்த்திசையிலும் நடக்கும். தின் பூல் (தேவைக்கேற்ப இடம் ஒதுக்கும் தொகுப்பு) வைத்திருக்கும் ஒருவர், "பூலின் சோதனை தோல்வி, கையால் பழுதுபார்க்க வேண்டும்" என்ற செய்தியைப் பார்த்துப் பதறி வந்தார். பூலுக்கு ஒன்றுமே இல்லை. சோதிக்கும் தின்செக் என்ற நிரல் நிறுவப்படவில்லை. இரண்டு வரி மேலே "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று இருந்தது, அவர் ஒட்டியது கடைசி வரியை மட்டும்.

பென்சில்முனை, இரவு 1.18

முதலில் நான் செய்ததும் அதுதான். சரி, எச்சரிக்கை எதையும் இனி விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். இப்போது ஸ்கிரிப்ட்டுக்குள்ளிருந்து எல்விஎஸ் ஓட்டியபோது ஒன்று வந்தது: "எல்விஎஸ் அழைப்பில் கோப்பு விவரிப்பி 63 கசிந்தது, தாய்ச் செயல்முறை பேஷ்". எங்கே கசிகிறது? வட்டில் ஏதாவது பாதிப்பா?

அடித்தளம், இரவு 1.22

இல்லை. உங்கள் ஸ்கிரிப்ட் ஒரு பைப்பைத் திறந்து மூடாமல் எல்விஎஸ்ஸைக் கூப்பிட்டிருக்கிறது, அது புகார் சொல்கிறது. இதை மட்டும் கண்டுகொள்ளாமல் விடலாம்.

மஞ்சள்விளக்கு, இரவு 1.23

விட்டுவிட்டுப் போய்த் தூங்குங்கள்.